ஆந்த்ரேஸ் குவார்தாதோ: விங்கை விட்டு நடுக்களத்துக்கு வந்தவர் (விவாத இழை)

இடதுகாலன்:

மெக்சிகோ கால்பந்து என்று பேச்சு எடுத்தாலே இங்கே ஊகோ சான்சேஸ், ரஃபா மார்க்கேஸ், சிச்சாரித்தோ, ஓச்சோவா என்று நான்கு பெயரோடு முடிந்துவிடுகிறது. குவார்தாதோவுக்கு இதுவரை ஓர் இழைகூடக் கிடையாது. 2024 நவம்பரில், 38 வயதில், லெயோன் கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்தபோது ஓய்வு பெற்றார். அன்றைக்கும் இங்கே யாரும் ஒரு வரி எழுதவில்லை. அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. சரி, நானே தொடங்குகிறேன்.

1986 செப்டம்பர் 28-இல் குவாதலஹாராவில் பிறந்தவர். ஏழு வயதிலேயே அட்லாஸ் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்தார். அட்லாஸைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 1951-இல் ஒரு லீக் பட்டம், அதற்கடுத்த பட்டம் 2021 டிசம்பரில். எழுபது வருடம் வெறுங்கை. ஆனால் மார்க்கேஸ், பாவெல் பார்தோ, ஒஸ்வால்தோ சான்சேஸ் எல்லாரும் அங்கே வளர்ந்தவர்கள்தான். கோப்பை வராத வீட்டில் பிள்ளைகள் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள்.

2005 ஆகஸ்டில் அட்லாஸின் முதல் அணியில் இறங்கினார். அதே டிசம்பரில் ஹங்கேரிக்கு எதிராகத் தேசிய அணி. 2006 ஜூன் 24, லைப்சிக்: உலகக் கோப்பை இரண்டாம் சுற்று, எதிரே அர்ஜென்டினா. குழுச் சுற்று ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட இறக்காத 19 வயதுப் பையனைப் பயிற்சியாளர் ரிக்கார்தோ லா வோல்பே நேரடியாகத் தொடக்க அணியில் வைத்தார். இடது ஓரம் முழுக்க அவனுடையது.

என் கருத்து ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குவார்தாதோ 27 வயது வரை ஒரு நல்ல இடது விங்கர். அவ்வளவுதான். அப்படியே போயிருந்தால் 30 வயதில் காணாமல் போயிருப்பார். விங்கை விட்டுக்கொடுத்து நடுக்களத்துக்கு வந்ததுதான் அவரை ஐந்து உலகக் கோப்பை ஆட வைத்தது. அவருடைய திறமையைவிட அந்தச் சம்மதம் பெரியது என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.


நள்ளிரவு ரசிகன்:

இழைக்கு நன்றி அண்ணா. அந்த லைப்சிக் ஆட்டம் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்கு. ஆறாவது நிமிடத்தில் மார்க்கேஸ் கோல் போட்டதும் தூக்கம் கலைந்துவிட்டது. நான்கு நிமிடத்தில் கிரெஸ்போ பக்கம் பதில் கோல். அப்புறம் கூடுதல் நேரத்தில் மாக்ஸி ரோத்ரிகேஸ் நெஞ்சில் வாங்கி இடது காலால் அடித்த கோலைத்தான் உலகமே நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு நினைவிருப்பது அந்தப் பையன்தான். யார் இவன், பெயர் என்ன என்று டிவியில் எழுத்து வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். 66-ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்தார்கள். எனக்குக் கோபமே வந்தது.


ரியாசோர் மழை:

“நல்ல இடது விங்கர், அவ்வளவுதான்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2007-இல் ஸ்பெயினின் தெபோர்த்திவோ லா கொருன்யாவுக்குச் சுமார் 70 லட்சம் யூரோவுக்கு வந்தார். அப்போது தெபோர் பழைய தெபோர் அல்ல. லீக் ஜெயித்த தலைமுறை கலைந்து, கடன் கழுத்தை நெரித்த காலம். அந்த அணியில் எதிரணிக்காரனைத் தாண்டிப் பந்தை எடுத்துப் போகத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணினால் முதல் விரல் குவார்தாதோ. அவருடைய பிரச்சினை திறமை அல்ல, தொடைத் தசை. நன்றாக ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தசை இழுத்துக்கொள்ளும். நான்கு வருடமும் இதே கதை.

2011 மே மாதம் கடைசி ஆட்டத்தில் வலென்சியாவிடம் சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்று, 43 புள்ளிகளோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். 43 புள்ளி எடுத்து இறங்குவது எவ்வளவு கொடுமை என்று லா லீகா பார்ப்பவர்களுக்குத் தெரியும். பல சீசன்களில் அது நிம்மதியாகத் தப்பிக்கிற எண்ணிக்கை.

அந்த நேரத்தில் தேசிய அணியின் முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் என்ன செய்வார்? கிளம்பிவிடுவார். இவர் தங்கினார். இரண்டாம் பிரிவில் ஒரு முழு சீசன் ஆடி, 11 கோல் போட்டு, 91 புள்ளிகளோடு அணியை முதலிடத்தில் மேலே ஏற்றிவிட்டுத்தான் போனார். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையில் மிகச் சிறந்த வருடம் அதுதான், அதுவும் விங்கில்.


இடதுகாலன்:

ரியாசோர் சொல்வது நியாயம். 2011-12-ஐ நான் தாண்டிப் போயிருக்கக் கூடாது. ஆனால் அதற்கடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். 2012-இல் இலவசமாக வலென்சியா போனார். அங்கே அவரை லெஃப்ட் பேக், அதாவது இடது தடுப்பாளர் ஆக்கினார்கள். விங்கில் கூட்டம், பின்னால் ஆள் இல்லை, இடது கால்காரர் ஒருவர் கையில் இருக்கிறார், போட்டுவிட்டார்கள். ஒரு வருடம் ஓடியது. 2014 ஜனவரியில் ஜெர்மனியின் லெவர்குசனுக்கு லோன். அங்கேயும் பெரும்பாலும் பெஞ்ச்.

அந்த வருடம் உலகக் கோப்பைக்குப் போகும்போது அவர் கிளப் நிலைமை இதுதான்: சொந்தக் கிளப்புக்கு வேண்டாம், லோன் கிளப்புக்கும் பெரிதாக வேண்டாம், தன் இடம் எது என்று அவருக்கே தெரியாது. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.


விசில் அக்கா:

எனக்கு இது சொந்தக் கதை மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கல்லூரி அணியில் நான் வலது விங்கில் ஆடினேன். இரண்டாம் வருடம் பயிற்சியாளர் ஒரு காரணமும் சொல்லாமல் பின்னால் போய் நில் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “நிற்கச் சொன்னால் நில்” என்பதுதான் பதில். மூன்று ஆட்டம் நின்றேன். விங்கில் இருக்கும்போது மைதானம் என் முன்னால் விரிந்து கிடக்கும். பின்னால் நின்றதும் எல்லாரும் என்னை நோக்கி ஓடி வருகிற மாதிரி இருந்தது. பந்து வாங்கும்போது முதுகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதே மறந்துபோயிற்று. நான்காவது ஆட்டத்துக்கு நான் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

இடம் மாறுவது என்றால் பத்து அடி தள்ளி நிற்பது என்று நினைக்கிறார்கள். இல்லை. ஓரத்தில் ஆடுகிறவருக்குக் கோடு ஒரு காவல். அந்தப் பக்கமிருந்து யாரும் வந்து பந்தைப் பறிக்க முடியாது. நடுவில் நான்கு பக்கமும் திறந்திருக்கும். பந்து வருவதற்கு முன்பே கழுத்தைத் திருப்பி இரண்டு தோளுக்கும் பின்னால் பார்த்து வைக்க வேண்டும். 27 வயதில், ஏற்கெனவே மூன்று உலகக் கோப்பை ஆடிய ஒருவர், பள்ளிப் பையன் மாதிரி உட்கார்ந்து இதைப் புதிதாகக் கற்றிருக்கிறார். இடதுகாலன் சொல்கிற “சம்மதம்” எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும்.


பிலிப்ஸ் கேலரி:

வணக்கம். நான் முப்பது வருசமாக நெதர்லாந்தில் இருக்கிறேன், ஐந்தோவனுக்குப் பக்கத்தில். எங்கட ஊர்க் கிளப் பி.எஸ்.வி. பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 29, ஃபோர்தலேசா. உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக மெக்சிகோ 1-0 முன்னிலை. 88-ஆவது நிமிடத்தில் ஸ்னைடர் சமன் செய்தார். காயத்துக்கான நேரத்தில் ரொபன் பெட்டிக்குள் விழுந்தார், ஹுன்டலார் பெனால்டியை அடித்தார், மெக்சிகோ வீட்டுக்குப் போனது. “அது பெனால்டி இல்லை” என்ற வாசகம் மெக்சிகோவில் சுவரிலும் சட்டையிலும் ஏறியது. அந்த ஆட்டத்தில் குவார்தாதோ களத்தில் நின்றவர். இரண்டு மாதம் கழித்து அவர் வந்து இறங்கிய நாடு எது? நெதர்லாந்து! எங்கட வேலையிடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பேச்சு ஒக்டோபர் வரையும் நிலைக்கவில்லை. பயிற்சியாளர் கொக்கு அவரை நடுவில், இடது பக்கம் சாய்ந்த இடத்தில் வைத்தார். கொக்குவே தன் காலத்தில் இடது கால் நடுக்கள வீரர், எங்கே வேண்டுமென்றாலும் ஆடக்கூடியவர். அவர் கண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த அணியில் டிபே, வைனால்டும், லுக் டி யொங் எல்லாரும் முன்னுக்குப் பாய்கிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தை வாங்கி, ஒரு தொடுகையில் திருப்பி, சரியான காலுக்கு அனுப்ப ஒருவர் வேண்டியிருந்தது. அது இவர்தான்.

2015 ஏப்ரல் 18, ஹேரன்வேனை 4-1 என்று வென்று பட்டம் எடுத்தோம். 2008-க்குப் பிறகு முதல் பட்டம். மொத்தம் 88 புள்ளி, அயாக்ஸ் 71. அன்றைக்கு நகரத்தில் யாரைக் கேட்டாலும் கோல் போட்டவர் டிபே என்பார்கள், ஆட்டத்தை ஓட்டியவர் குவார்தாதோ என்பார்கள். லோனில் வந்தவரை அந்தக் கோடையிலேயே நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருசம் கடைசி நாள் வரை இழுபறி. அயாக்ஸ் டி கிராஃப்ஸ்காப்பிடம் 1-1 என்று வழுக்கியது, நாங்கள் ஸ்வோலவில் 3-1 என்று வென்றோம். 84-க்கு 82. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.


கீப்பர் கண்ணன்:

அந்த சீசன் சாம்பியன்ஸ் லீகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுச் சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்தி, இரண்டாம் சுற்றில் அத்லெத்திகோ மத்ரித்தோடு இரண்டு ஆட்டமும் 0-0. மத்ரித்தில் பெனால்டியில் 8-7 என்று போயிற்று. சிமியோனேயின் அந்த அணி யாரையும் மூச்சுவிட விடாத அணி. அதே சீசனில் இறுதிப் போட்டி வரை போனது. அதன் நடுக்களத்துக்கு எதிராக 210 நிமிடம் கோல் வாங்காமல் நின்றது பி.எஸ்.வி. அளவுக்குப் பெரிய விஷயம்.


பச்சை ஜெர்சி:

எல்லாரும் பாராட்டிக்கொண்டே போகிறீர்கள். ஒன்றைத் தொடாமல் தாண்டிவிட்டீர்கள். 2015 கோல்டு கப், அதாவது வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான கோப்பை.

காலிறுதியில் கோஸ்தா ரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நேரமும் முடிந்து காயத்துக்கான நேரத்தில் ஒரு பெனால்டி. அதைக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அடித்தவர் குவார்தாதோ. 1-0. மூன்று நாள் கழித்து அட்லாண்டாவில் பனாமாவுடன் அரையிறுதி. பனாமாவுக்கு 25-ஆவது நிமிடத்திலேயே ஒரு சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடி 57-ஆவது நிமிடத்தில் ரொமான் தோரெஸ் தலையால் கோல் போட்டார். 1-0 முன்னிலை, இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரம். 89-ஆவது நிமிடம் வாக்கில் தோரெஸ் கீழே விழுகிறார், பந்து கையில் படுகிறது, பெனால்டி. சண்டை, தள்ளுமுள்ளு, அரங்கத்தில் இருந்து பொருள்கள் வந்து விழுகின்றன. பத்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. பனாமா ஆட்கள் மைதானத்தை விட்டே கிளம்பப் பார்த்தார்கள். கடைசியில் குவார்தாதோ வந்து அடித்தார், கோல். கூடுதல் நேரத்தில் இன்னொரு பெனால்டி, அதுவும் அவரே. 2-1.

ஆட்டம் முடிந்தபின் பனாமா வீரர்கள் தொடரை நடத்தும் கொன்ககாஃப் அமைப்பைத் திருடர்கள் என்று எழுதிய பேனரோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவர் தவறு செய்தார் என்பதை அமைப்பே பின்னால் ஒப்புக்கொண்டது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்கு? குவார்தாதோவுக்கு. எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அந்த விருதை நினைத்தால் கசக்கிறது.


நள்ளிரவு ரசிகன்:

பெனால்டி கொடுத்தது நடுவர். அடித்தது ஆட்டக்காரர். இரண்டையும் ஒன்றாகக் கட்டுவது சரியா? இறுதிப் போட்டியில் ஜமைக்காவுக்கு எதிராக முதல் கோலே குவார்தாதோ பந்து தரையைத் தொடுமுன் அடித்ததுதான். 3-1. தொடர் முழுக்க ஆறு கோல். விருது அதற்குத்தான்.


பச்சை ஜெர்சி:

சரிதான் தம்பி, சட்டப்படி. ஆனால் அவரே அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் சொன்னது என்ன? வேண்டுமென்றே வெளியே அடித்துவிடலாமா என்ற எண்ணம் தனக்கு வந்து போனது என்றார். அப்படியானால் அவருக்கே தெரிந்திருக்கிறது இல்லையா? தெரிந்த பிறகும் அடித்தார்.


விசில் அக்கா:

எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த வார்த்தையால்தான். வென்ற அணியின் தலைவர், மைக்கைப் பார்த்து “கடவுள் எங்கள் பக்கம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவர் தன் மனசுக்குள் நடந்ததை வெளியே எடுத்து வைத்தார். அடுத்த வாரம் மெக்சிகோவில் அவரைக் கிழித்திருப்பார்களே என்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? அந்த நிலையில் உண்மையைச் சொல்வது சின்ன காரியம் இல்லை.


கீப்பர் கண்ணன்:

கோல்கீப்பராகச் சில வருடம் நின்றவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்து பெனால்டி அடிப்பது என்றால் கால் கல்லாகிவிடும். எதிரே பனாமா கீப்பர் பெனேதோ நிற்கிறார், ஊரே தன்னைத் திருடன் என்கிறது, உள்ளே மனசும் அதையே சொல்கிறது. அந்த நிலையில் பந்தை அதன் புள்ளியில் வைத்து, அதே ஓட்டம் ஓடி அடிப்பது தொழில். சக ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேர் அந்தத் தொடருக்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். தன் மனச்சுமையை இறக்க அவர்கள் உழைப்பை வெளியே அடிக்க அவருக்கு உரிமை இல்லை. அடித்தது சரி என்றே நினைக்கிறேன். விருதைப் பற்றிப் பச்சை ஜெர்சி சொல்வதையும் புரிந்துகொள்கிறேன்.


பச்சை ஜெர்சி:

“உரிமை இல்லை” என்பது யோசிக்க வைக்கிறது. நான் பனாமா பக்கம் நின்றே பார்த்துவிட்டேன். ஆனாலும் கசப்பு போகவில்லை, எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.


பிலிப்ஸ் கேலரி:

இதில் ஒரு விசயம் விட்டுப்போகிறது. அதே மனிதர் ஒரு வருசத்துக்கு முன் ஃபோர்தலேசாவில் மறுபக்கம் நின்றவர். 2010-இலும் அப்படித்தான்: ஜொகன்னஸ்பர்க்கில் அர்ஜென்டினாவுடன், தெவேஸ் அப்பட்டமான ஆஃப்சைடில் போட்ட முதல் கோல். மைதானத்துப் பெரிய திரையிலேயே அது ஓடியது, எல்லாரும் பார்த்தார்கள், கோல் கோல்தான் என்றார்கள். அப்போதும் குவார்தாதோ களத்தில் இருந்தார். இரண்டு முறை வாங்கியவர், ஒரு முறை கொடுத்தார். வாங்கியவருக்குத்தான் எதிரே நிற்கிறவரின் முகம் தெரியும். அதனால்தான் அந்த எண்ணம் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.


ரியாசோர் மழை:

2010 என்றதும் நினைவுக்கு வருகிறது. தொடக்க ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 1-0. ட்ஷபலாலாவின் அந்த இடி மாதிரிக் கோல். இரண்டாம் பாதியில் குவார்தாதோவை இறக்கினார்கள். 79-ஆவது நிமிடத்தில் இடதிலிருந்து அவர் தூக்கிப் போட்ட பந்து எல்லாரையும் தாண்டிப் பின் தூணுக்குப் போகிறது, அங்கே மார்க்கேஸ் தனியாக. காலில் வாங்கி உள்ளே தள்ளினார். அட்லாஸ் பையன் போட்டுக் கொடுக்க அட்லாஸ் பையன் முடித்த கோல். உருகுவேயுடன் தூரத்திலிருந்து அவர் அடித்து கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியதே, அது மட்டும் உள்ளே போயிருந்தால் இரண்டாம் சுற்றில் அர்ஜென்டினா வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

உலகக் கோப்பையில் அவருடைய ஒரே கோல் அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான். ரெசிஃபேயில் குரோவேஷியாவுக்கு எதிராக. மார்க்கேஸ் தலையால் ஒன்று போட்டு மூன்றாவது நிமிடம், பெரால்டா தள்ளிக் கொடுத்த பந்தை ஓடி வந்து அடித்தார்.


கணக்குப்பிள்ளை:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். ஒரு சாதனையைப் பற்றி எச்சரிக்கை. தேசிய அணிக்கு அதிக ஆட்டம் ஆடிய மெக்சிகோக்காரர் குவார்தாதோ; கிளாவ்தியோ சுவாரெஸின் 177-ஐத் தாண்டினார். ஆனால் மெக்சிகோ அணி வருடத்துக்குப் பல நட்பு ஆட்டங்களை அமெரிக்காவில் ஆடுகிறது. அங்கே கோடிக்கணக்கில் மெக்சிகோ வம்சாவளியினர் இருக்கிறார்கள், அரங்கம் நிரம்புகிறது, டாலர் வருகிறது. மெக்சிகோ ரசிகர்களே அவற்றை “மொலேரோ” ஆட்டங்கள் என்று கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்கள். அதனால் வெறும் ஆட்ட எண்ணிக்கையை வைத்து யாரையும் எடை போட வேண்டாம்.

எடை போட வேண்டியது ஐந்து உலகக் கோப்பையை. 2006, 2010, 2014, 2018, 2022. கார்பஹால், மத்தேயஸ், மார்க்கேஸ், மெஸ்ஸி, ரொனால்டோ இருக்கும் வரிசை அது. அதில் மூன்று பேர் மெக்சிகோக்காரர்கள். அதில் இரண்டு பேர் அட்லாஸ்காரர்கள்.


இடதுகாலன்:

கணக்குப்பிள்ளை சொன்னதில் இருந்துதான் என் வாதத்தை எடுக்கிறேன். ஐந்தில் முதல் இரண்டும் விங்கர் குவார்தாதோ. 2014-இல் விங்குக்கும் நடுவுக்கும் இடைப்பட்ட ஆள். கடைசி இரண்டும் நடுக்களத்து ஆள். 2018 ஜூன் 17, மாஸ்கோவில் ஜெர்மனியை 1-0 என்று வென்ற ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். 35-ஆவது நிமிடத்தில் லொசானோ போட்ட கோலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் குவார்தாதோவை மட்டும் பாருங்கள். ஜெர்மனி முன்னுக்கு ஏறும்போதெல்லாம் ஏர்ரேரா பாய்வார், இவர் பாய மாட்டார். அவர் விட்டுப்போன இடத்தை மூடி நிற்பார். ஒரு காலத்தில் பாய்வதையே தொழிலாக வைத்திருந்தவர்.

74-ஆவது நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டு 39 வயது மார்க்கேஸை இறக்கினார்கள். கேப்டன் பட்டை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது. மார்க்கேஸுக்கு அது ஐந்தாவது உலகக் கோப்பை. பட்டையைக் கொடுத்தவருக்கு அப்போது நான்காவது. அந்தக் காட்சியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அப்புறம் வழக்கம்போலத்தான். ஸ்வீடனிடம் 0-3, பிரேசிலிடம் 0-2. ஏழாவது முறையாக இரண்டாம் சுற்றோடு வீடு. “ஐந்தாவது ஆட்டம்” என்ற அந்த வார்த்தை, அதாவது இரண்டாம் சுற்றைத் தாண்டுவது, மெக்சிகோவில் ஒரு வேண்டுதல் மாதிரி. அந்த ஏழில் நான்கு தோல்வியில் குவார்தாதோ இருந்திருக்கிறார்.


நள்ளிரவு ரசிகன்:

அப்படியென்றால் மார்க்கேஸா குவார்தாதோவா? யாராவது கேட்டே ஆக வேண்டும், நான் கேட்கிறேன்.


ரியாசோர் மழை:

மார்க்கேஸ். பார்சிலோனாவோடு இரண்டு சாம்பியன்ஸ் லீக். இதில் விவாதமே இல்லை. குவார்தாதோ ஐரோப்பாவின் உச்சக் கிளப் எதிலும் ஆடவில்லை. அதை மறைத்து அவரைத் தூக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் பதினாறு வருடத்துக்கு மேல் ஓயாமல் ஆடினார், அதுவே போதும்.


கீப்பர் கண்ணன்:

ஸ்பெயினின் பெத்திஸ் கிளப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 2017 முதல் 2024 ஜனவரி வரை, ஒரே கிளப்பில் அவர் இருந்த மிக நீண்ட காலம். முதலில் பயிற்சியாளர் செத்தியேன். பந்தை விடவே கூடாது என்கிற ஆள். அந்த ஆட்டத்துக்கு 30 வயது குவார்தாதோ கச்சிதம். பிறகு பெல்லெக்ரீனி வந்ததும் ஆட்டம் குறைந்தது, ஆனால் அணிக்குள் அவர் பேச்சுக்கு மதிப்பு குறையவில்லை.

2022 ஏப்ரல் 23, செவியாவின் லா கார்துஹா அரங்கில் ஸ்பெயின் கிளப்புகளுக்கான கோபா தெல் ரேய் இறுதிப் போட்டி. எதிரணி வலென்சியா. தெபோரை இறக்கியது வலென்சியா, அவரை லெஃப்ட் பேக்காக்கியது வலென்சியா, லோனில் தள்ளியது வலென்சியா. 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போயிற்று. பதிலியாக வந்த குவார்தாதோவுக்கு வயது 35. தன் முறை வந்ததும் போட்டார். 40 வயது ஹோவாக்கீனும் போட்டார். வலென்சியாவின் யூனுஸ் மூசா மேலே அடித்தார், மிராந்தா முடித்துவைத்தார், 5-4. பெத்திஸின் வரலாற்றில் மூன்றாவது கோபா. ஸ்பெயினில் அவர் எடுத்த ஒரே பெரிய கோப்பை.


பிலிப்ஸ் கேலரி:

அன்றைக்கு எங்கட பழைய பி.எஸ்.வி. குழுமத்தில் நூறு செய்தி வந்தது. ஊர் விட்டு ஐந்து வருசம் ஆகியும் ஆட்கள் மறக்கவில்லை.


பச்சை ஜெர்சி:

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. மார்க்கேஸ் கடைசியில் அட்லாஸுக்குத் திரும்பி அங்கேயே ஓய்வு பெற்றார். குவார்தாதோ திரும்பவில்லை. 2024-இல் லெயோனுக்குப் போனார். 2021 டிசம்பரில் எழுபது வருடக் காத்திருப்புக்குப் பிறகு அட்லாஸ் பட்டம் எடுத்ததே, அந்த இறுதிப் போட்டியில் தோற்ற அணி எது? லெயோன்தான், அதுவும் பெனால்டியில். எந்த அணியும் போயிருக்கலாம், இந்த அணிக்கா போக வேண்டும்? ஏழு வயதில் அவரைத் தூக்கி வளர்த்த கிளப்பின் சிவப்பு-கறுப்புச் சட்டையில் ஒரே ஓர் ஆட்டமாவது பார்க்க ஆசைப்பட்டேன்.


விசில் அக்கா:

ஆசை நமக்கு. 37 வயது முழங்காலோடு ஒப்பந்தம் போடுகிறவருக்குக் கணக்கு வேறு. ஆனாலும் உங்கள் வருத்தம் புரிகிறது. எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.


தோஹா ஷிஃப்ட்:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு இருந்தேன், இன்றைக்குத்தான் எழுத நேரம் கிடைத்தது.

2022 நவம்பர் 26, லுசைல் அரங்கில் நான் இருந்தேன். மேல் அடுக்கு, மூலை. அன்றைக்கு 88,966 பேர் என்று பெரிய திரையில் போட்டார்கள். பாதிக்கு மேல் மெக்சிகோ பச்சையும் அர்ஜென்டினா நீலமும் கலந்து கிடந்தது. எனக்குப் பக்கத்தில் குவாதலஹாராவில் இருந்து வந்த ஒரு குடும்பம். தாத்தா, மகன், பேரன். தாத்தா கழுத்தில் அட்லாஸ் துண்டு. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. ஆட்டக்காரர் பெயரைச் சொல்லிச் சொல்லியே பேசிக்கொண்டோம்.

பயிற்சியாளர் மார்த்தினோ அன்றைக்குக் குவார்தாதோவைத் தொடக்கத்திலேயே இறக்கினார். 36 வயது. பந்து வருவதற்கு முன்னால் அவர் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மேல் அடுக்கில் இருந்தே தெரிந்தது. விசில் அக்கா எழுதியதைப் படித்ததும் அதுதான் கண் முன்னால் வந்தது. முதல் பாதியில் அர்ஜென்டினாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 40-ஆவது நிமிடம் வாக்கில் அவர் நடை மாறியது. 42-இல் எரிக் குத்தியேரெஸ் உள்ளே வந்தார், இவர் வெளியே போனார். தாத்தா எழுந்து நின்றார். மகன் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார், தாத்தா உட்காரவில்லை. குவார்தாதோ கோட்டைத் தாண்டி பெஞ்சில் போய் உட்காரும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

இரண்டாம் பாதியில் 64-இல் மெஸ்ஸி, 87-இல் என்ஸோ. 2-0. அவ்வளவுதான். அந்த உலகக் கோப்பையில் குவார்தாதோ ஆடியது அந்த 42 நிமிடம் மட்டுமே.


நள்ளிரவு ரசிகன்:

தோஹா அண்ணா, உங்கள் ஆட்டமும் நம் நேரப்படி இரவு பன்னிரண்டரை மணி. லைப்சிக் ஆட்டமும் அதே பன்னிரண்டரை. இரண்டையும் நான் அதே அறையில் இருந்து பார்த்தேன். 2006-இல் அப்பா தூங்கப் போகச் சொன்னார். 2022-இல் என் மகன் பக்கத்தில் தூங்கிவிட்டான்.


இடதுகாலன்:

இப்போது எனக்கே ஒன்று உறைக்கிறது. முதல் உலகக் கோப்பையில் ஒரே ஆட்டம், அர்ஜென்டினாவுடன், 66 நிமிடம். கடைசி உலகக் கோப்பையில் ஒரே ஆட்டம், அதே அர்ஜென்டினாவுடன், 42 நிமிடம். லைப்சிக்கில் அவர் வெளியே போன பிறகு, 84-ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா பதிலியாக இறக்கிய பையனுக்கு அன்றைக்குத்தான் 19-ஆவது பிறந்தநாள். அவன்தான் மெஸ்ஸி.

தோஹா நண்பரே, அந்தத் தாத்தாவைப் படம் எடுத்தீர்களா?


தோஹா ஷிஃப்ட்:

எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டி “குவார்தாதோ” என்றார். நானும் “குவார்தாதோ” என்றேன். அப்புறம் மெட்ரோ கூட்டத்தில் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.